இருபத்து மூன்றாவது கை

எங்கள் கம்பெனியில் தன்னார்வத் தொண்டு கட்டாயம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். உள்ளே இருக்கும் நாங்கள் சிரிப்பதில்லை. ஆளுக்கு வருடத்தில் இத்தனை மணி நேரம் ஊருக்காக உழைத்தாக வேண்டும் என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. அதற்கென்று போனில் ஒரு ஆப் வேறு இருக்கிறது. நேரம் குறைந்தவர்களின் பெயர் அதில் சிவப்பாகத் தெரியும். அந்தச் சிவப்பையெல்லாம் பச்சையாக்குவது என் பொறுப்பு.

நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. இரும்புத் தகட்டை பிரஸ்ஸில் அடித்து வண்டிகளுக்கான சின்னச் சின்ன பாகங்கள் செய்கிற இடம். பாதுகாப்பு அதிகாரி என்றால் சும்மா உட்கார்ந்திருப்பவர் என்று எல்லாக் கம்பெனியிலும் ஒரு நினைப்பு உண்டு. அதனால் ஊர்ச் சேவையையும் என் தலையிலேயே கட்டினார்கள். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் ஆட்களுக்கு ஒரே நிறத்தில் டீ-ஷர்ட் மாட்டி, வேனில் ஏற்றிக்கொண்டு பக்கத்துக் கிராமங்களுக்குப் போவேன். மரம் நடுவோம், பள்ளிக்கூடத்தைக் கூட்டுவோம், படம் எடுப்போம். நட்ட மரத்துக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று நான் ஒரு நாளும் விசாரித்ததில்லை.

வந்தவர்களின் பட்டியலையும் நேரத்தையும் கையால் எழுதி, படம் பிடித்து, தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவது என் வழக்கம். அங்கே இதைக் கவனிக்கும் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஒவ்வொரு முறையும் போன் செய்து, இது ஏழா, இங்கிலீஷ் எஃப்பா என்று கேட்பாள். நான் ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவேன். ஒன்றும் ஏழும் குழம்பக்கூடாது என்று பாலிடெக்னிக்கில் டிராயிங் வாத்தியார் பழக்கிவிட்டது. தொழிற்சாலையிலும் அதைச் சொல்லி என்னைக் கிண்டல் செய்வார்கள். அந்த ஒழுங்கில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அந்த அங்கன்வாடி, புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமத்தில் இருந்தது. தொழிற்சாலையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர்கள் என்று தலைமை அலுவலகம் அனுப்பிய பட்டியலிலிருந்து எடுத்தேன். ஊர்ப் பெயரைப் படித்தபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

ஒரே அறை, முன்னால் ஒரு நீளமான சுவர். காலையிலேயே சுவரைத் தேய்த்து, வெளிர் மஞ்சள் அடித்து, நடுவில் ஒரு மரம் வரைந்தோம். மரத்துக்கு இலையாக எல்லாரும் பச்சைப் பெயின்டில் கையை முக்கிப் பதிக்க வேண்டும். அது என் யோசனை. தொழிற்சாலை வாசலில் வருடா வருடம் பாதுகாப்பு உறுதிமொழி எடுக்கும்போது ஒரு வெள்ளைப் பலகையில் எல்லாரையும் இப்படித்தான் கை பதிக்கச் சொல்வேன். அதே வித்தையை இங்கேயும் கொண்டுவந்தேன். வந்தவர்கள் என்னையும் சேர்த்து இருபத்து இரண்டு பேர். இருபத்து இரண்டு கை. எண்ணிப் பார்ப்பது என் வியாதி. எண்ணிவிட்டு ஒரு படமும் எடுத்தேன்.

மத்தியானம் கட்டடத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தோம். நல்ல வெயில். பின்னாலிருந்து முன்பக்கச் சுவர் தெரியாது. சாப்பிட்டு, கை கழுவி, பிள்ளைகளை முன்னால் நிறுத்தி எல்லாருமாக இன்னொரு படம் எடுத்துக்கொண்டு வேனில் ஏறினோம்.

வேன் கிளம்பும்போது பிள்ளைகள் டாட்டா காட்டினார்கள். பதினைந்து பிள்ளைகள் இருக்கும், மூன்று நான்கு வயது. எல்லாரும் வலது கையைத் தூக்கியிருந்தார்கள். எல்லாருமே நடுவிரலையும் மோதிர விரலையும் மடக்கியிருந்தார்கள். அப்படி மடக்குவது அந்த வயதுக்குச் சுலபமில்லை. முடியாத பிள்ளைகள் இடது கையால் அந்த இரண்டு விரலையும் பிடித்து அமுக்கிக்கொண்டு ஆட்டினார்கள். ஒரு குழந்தைகூட சிரிக்கவில்லை. மிகவும் கவனமாக, சரியாகச் செய்ய வேண்டும் என்பதுபோல ஆட்டினார்கள்.

வேனில் இருந்தவர்கள் ஏதோ சினிமா ஸ்டைல் என்று சொல்லிச் சிரித்தார்கள். நான் ஜன்னல் வழியாக அங்கன்வாடி டீச்சரிடம் இது என்ன பழக்கம் என்று கேட்டேன். பசங்க எதையாவது பார்த்துச் செய்யும் என்று சொல்லிவிட்டு அந்தம்மா கேட்டைச் சாத்தினாள். நாற்பது வயதுக்காரி, காலையிலிருந்து கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவள். அப்போது மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை தலைமை அலுவலகப் பெண் போன் செய்தாள். படங்கள் அருமை என்றாள். ஒரு கை மட்டும் கறுப்பாக இருக்கிறது, விரலும் குறைகிறது, பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது, கம்ப்யூட்டரில் அழித்துவிடட்டுமா என்று கேட்டாள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாப்பாட்டுக்கு முன்னால் எடுத்த படத்தில் இருபத்து இரண்டு கை. சாப்பாட்டுக்குப் பின்னால் எடுத்ததில் இருபத்து மூன்று.

மரத்தின் வலது பக்கம், கீழ்க்கிளையில் இருந்தது அது. வலது கை. கட்டைவிரல், ஆட்காட்டி விரல், சுண்டுவிரல் மூன்றும் முழுசாக. நடுவிரலும் மோதிர விரலும் அடியில் ஒரு கணு மட்டும், அதற்கு மேல் மஞ்சள் சுவர். அழித்துவிடு என்று அவளிடம் சொன்னேன். அந்தக் கையை எனக்குத் தெரியும். அதை அளந்து, படம் எடுத்து, அறிக்கை எழுதியவன் நான்.

இதை விளக்கிச் சொல்லியாக வேண்டும். பிரஸ் ஓட்டுகிறவனுக்கு முன்னால் இரண்டு பொத்தான்கள் இருக்கும், இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலேயிருந்து அச்சு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்கு அடியில் இருக்காது. அவ்வளவுதான் பாதுகாப்பு. ஆனால் அப்படி ஓட்டினால் ஷிப்டுக்குச் சொன்ன எண்ணிக்கை வராது. அதனால் வலது பொத்தானை ஒரு சின்ன மரக்கட்டையைச் செருகி அமுக்கியே வைத்துவிடுவார்கள். இடது கை பொத்தானை அடிக்கும், வலது கை தகட்டை வைத்து எடுக்கும். எண்ணிக்கை வரும். பிரஸ்கள் ஓடுகிற எங்கள் ஷாப்பில் அதற்குப் பெயரே கட்டை. வந்த முதல் நாள் சூப்பர்வைசர் புது ஆளுக்குக் கையுறை கொடுப்பார், காதடைப்பான் கொடுப்பார், கட்டை கொடுப்பார்.

பாதுகாப்பு ஆடிட்டுக்கு ஆட்கள் வருகிற நாளில் கட்டைகள் இருக்கக்கூடாது. காலையில் நானே ஒரு நீல க்ரேட்டை எடுத்துக்கொண்டு வரிசையாக எல்லா பிரஸ்ஸுக்கும் போய்க் கட்டைகளைச் சேகரிப்பேன். என் அலமாரியில் வைத்துப் பூட்டுவேன். ஆடிட்டர்கள் பாராட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் சூப்பர்வைசர் வந்து, சார் கட்டை என்பார். நான் பூட்டைத் திறப்பேன். பதினொரு பிரஸ்ஸுக்கும் பதினொரு கட்டை, ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரில் பிரஸ் எண். ஒன்றின் கட்டை இன்னொன்றுக்குச் சரியாக உட்காராது. இதைப் பல வருடம் செய்தேன். உறுத்தவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உறுத்தியது, பழகிப் போனது.

கை பதிப்பதற்கு ஏழெட்டு மாதம் முன்னால் ஏழாம் எண் பிரஸ்ஸில் ஒருவனுக்கு இரண்டு விரல் போனது. காண்ட்ராக்ட் ஆள், முப்பது வயதுக்குள் இருக்கும். தொழிலாளி யாருடைய அனுமதியும் இல்லாமல், தன் இஷ்டத்துக்கு ஒரு மரக்கட்டையைச் செருகிப் பொத்தானை அடைத்துவிட்டார் என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கட்டையை எடுத்து என் அலமாரியில் வைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவனை கேட்டுக்குள் விடவில்லை. பக்கத்துக் கம்பெனிகளிலும் செக்யூரிட்டி அந்தக் கையைப் பார்ப்பான், விஷயம் கேட்பான், கட்டையைத் தானே வைத்துக்கொண்டது என்று தெரிந்ததும் போகச் சொல்வான் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டதோடு சரி.

அந்தத் திங்கட்கிழமை ஃபைலை எடுத்துப் பார்த்தேன். முகவரி என்ற இடத்தில் அந்தக் கிராமத்தின் பெயர் இருந்தது. நானே எழுதியது. ஒரு ஊரின் பெயரை என் கையால் எழுதிவிட்டு, அதே ஊருக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்கப் போயிருக்கிறேன்.

டீச்சருக்குப் போன் செய்தேன். விரல் போன ஆள் ஒருவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று கேட்டேன். பின்னால் பிள்ளைகள் ஏதோ பாட்டுப் பாடுவது மட்டும் கேட்டது.

"அப்டி யாரும் இங்க இல்ல சார்," என்றாள்.

இருந்தாரா, போய்விட்டாரா என்று கேட்டேன். அப்படி ஒரு ஆள் எந்தக் காலத்திலும் இந்த ஊரில் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டாள். அவன் செத்துப்போயிருப்பான் என்றுதான் முதலில் நினைத்தேன். இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஏர்கண்டிஷன் அறையில் பகல் பதினொரு மணிக்கு அது சிரிக்கிற விஷயமாக இல்லை.

அந்த வாரமே தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அந்தக் கட்டையைக் கம்பெனிதான் கொடுத்தது என்று அவன் மனு கொடுத்திருந்தான். மனு கொடுத்தது விபத்து நடந்த புதிதில். ஆக, இப்போது உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அதுவும் சாட்சி இல்லை. ஐந்து வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை விசாரணை, அறிக்கை எழுதிய அதிகாரி நேரில் வர வேண்டும். மேனேஜர் என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். எழுதியதையே சொன்னால் போதும், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம், உங்களுக்கும் ரிட்டையராக ஆறு வருடம்தான் இருக்கிறது என்றார். நியாயமாகத்தான் பேசினார். நான் எழுதியதையே சொன்னால் அவன் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டவனாகக் கடைசிவரை இருப்பான். வேறு மாதிரி சொன்னால் எனக்கு வேலை இருக்காது. இரண்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது.

நான்காவது சனிக்கிழமை மறுபடியும் அதே அங்கன்வாடிக்குப் போனோம். பிள்ளைகளுக்குப் பாயும் சின்ன நாற்காலிகளும் கொடுக்க. ஆட்கள் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது நான் தனியாகச் சுவருக்குப் போனேன். கை அங்கேயே இருந்தது. படத்தில் பார்த்ததைவிடக் கறுப்பு. குனிந்து முகர்ந்தேன். பிரஸ்ஸில் தகட்டுக்குத் தடவுகிற எண்ணெயின் நாற்றம் அடித்தது. நிச்சயமாக அதுதான் என்று நினைத்தேன். இருபது வருடமாக என் சட்டையில் அடிக்கிற நாற்றம் அது.

அப்போது செய்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வேனில் மிச்சமிருந்த பச்சைப் பெயின்ட் டப்பாவைத் திறந்தேன். என் வலது கையை முக்கி, அந்தக் கையின் மேல் வைத்து அழுத்தினேன். விரல் குறைவதுதானே பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது, ஐந்து விரலாக்கிவிட்டால் அதுவும் ஒரு இலைதானே. என் உள்ளங்கை அதன் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. அவன் என்னைவிட ஒல்லி, உயரமும் குறைவு. அப்படி உட்கார்ந்திருக்கக்கூடாது. கையை எடுத்தபோது பச்சையாக ஐந்து விரல் இருந்தது. இருபத்து இரண்டு பேரில் எனக்கு மட்டும் அந்த மரத்தில் இரண்டு கை.

திரும்பினால், ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரியாது. ஒரு பெண் குழந்தை மட்டும் கம்பி வழியாகக் கையை வெளியே நீட்டியது. நடுவில் இரண்டு விரல் மடங்கியிருந்தது. அது என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தது. நான் போய் வேனில் உட்கார்ந்துகொண்டேன். கையில் பெயின்ட் காய்ந்து இழுத்தது.

பத்து நாள் கழித்து டீச்சரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கூட ஒரு வார்த்தையும் இல்லை. பச்சையைத் துளைத்துக்கொண்டு அந்தக் கறுப்பு உள்ளங்கை மேலே வந்திருந்தது. மூன்று விரலும் கறுப்பு, இரண்டு கணுவும் கறுப்பு. நான் சேர்த்த இரண்டு விரல்கள் மட்டும் புதுசாக, பளிச்சென்று பச்சையில் நின்றன.

எண்ணெய்ப் பிசுக்கின் மேல் சாதாரணப் பெயின்ட் அடித்தால் அது ஊறி மேலே வந்துவிடும். தொழிற்சாலையில் பெயின்டர்களைத் திட்டும்போது நானே இதைச் சொல்லியிருக்கிறேன். காரணம் தெரிந்தது, பயம் போகவில்லை. அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரி என்னவென்று கேட்டதற்கு அசிடிட்டி என்றேன்.

எனக்கு வீடு திருவள்ளூரில், கோயில் பக்கம். பரம்பரையாகப் பெருமாள் கைங்கரியம் செய்த குடும்பம்; நான்தான் இரும்புக்குப் போனவன். அமாவாசை அன்று குளத்தைச் சுற்றி நிற்க இடமிருக்காது. நோய் தீர வேண்டிக்கொள்கிறவர்கள் வாங்கிச் செலுத்துவதற்காகக் கடைகளில் உரு விற்பார்கள். சின்னத் தகட்டில் கண், கால், கை என்று தனித்தனியாக அடித்திருக்கும். ஐம்பது வருடமாகப் பார்க்கிறேன், ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. படம் வந்த வாரத்தில் வந்த அமாவாசையன்று கம்பெனி பஸ்ஸுக்கு நடக்கும்போது ஒரு கடைமுன் நின்றுவிட்டேன். ஒரு தாம்பாளம் நிறைய கைகள். அவையும் பிரஸ்ஸில் அடித்தவைதான், ஓரத்தில் பிசிறு தெரிந்தது. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இன்னொன்றை எடுத்தேன். எல்லாவற்றிலும் ஐந்து விரல் இருக்கிறதா என்று நான் எண்ணிக்கொண்டிருப்பதைக் கடைக்காரர் பார்த்து, எத்தனை வேண்டும் சாமி என்று கேட்டார். அன்று பஸ்ஸை விட்டுவிட்டேன்.

ஆபீஸுக்குப் போன் செய்து லீவு சொன்னேன். பெரியபாளையம் வழியாக பஸ் பிடித்துப் புதுவாயலில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் அந்த ஊருக்குப் போனேன். டீ-ஷர்ட் இல்லை, வேன் இல்லை, ஆப்பில் போட வேண்டிய மணியும் இல்லை. வேலை நாளில் தனியாக வந்து நின்ற என்னை டீச்சர் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கம்பெனியிலிருந்து வரவில்லை, நானாக வந்தேன் என்று சொன்னேன். நம்புவதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு ஒரு சின்ன நாற்காலியை இழுத்துப் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் அந்த ஊர்தான். அங்கன்வாடியிலிருந்து மூன்றாவது வீடு. இப்போது புதுவாயலில் ஒரு பஞ்சர் கடையில் வேலை. நாங்கள் ஊருக்குக் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வைத்துத் தருவதாக வாய்வார்த்தை கொடுத்திருந்தோம். சுவர் அடித்ததெல்லாம் அதற்கு முன்னோட்டம். விரல் போனவன் இங்கே இருக்கிறான், கம்பெனிமேல் மனு போட்டிருக்கிறான் என்று தெரிந்தால் இயந்திரம் வேறு ஊருக்குப் போய்விடும் என்று ஊரில் பேசி முடிவு செய்தார்கள். எங்கள் வேன் வருகிற சனிக்கிழமைகளில் கண்ணில் படாதே என்று அவனிடம் சொன்னார்கள். யார் கேட்டாலும் அப்படி ஒரு ஆள் இல்லை என்று சொல்ல வேண்டும். உயிரோடு இருக்கிற ஒருவனை ஒரு ஊரே சேர்ந்து இல்லாமல் ஆக்கியிருந்தது, நாங்கள் தரப்போகிற தண்ணீருக்காக. அவர்களைத் தப்புச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

அந்தக் கை வந்த கதை சாதாரணமானது. அவன் மகள் அங்கேதான் படிக்கிறது. தினமும் மத்தியானம் கடையிலிருந்து வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போவான். அன்றைக்கும், நாங்கள் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து வந்திருக்கிறான். எல்லா மாமாவும் கை வைத்திருக்கிறார்கள், நீயும் வை என்று குழந்தை அடம் பிடித்திருக்கிறது. பெயின்ட் டப்பா மூடியிருந்தது. கையில் கிரீஸ் இருந்தது. வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பஞ்சர் கடை கிரீஸ். பிரஸ் எண்ணெய் என் மூக்கில்தான் இருந்திருக்கிறது.

பிள்ளைகள் டாட்டா காட்டுவதைப் பற்றி நான் கேட்காமலே சொன்னாள். அந்தக் குழந்தைக்கு விவரம் தெரிகிற நேரத்தில் அப்பா கை அப்படி ஆகிவிட்டது. டாட்டா என்றால் அப்படித்தான் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் கற்றுக்கொண்டன. மாற்றிச் சொல்லிக்கொடுக்க டீச்சருக்கு மனசு வரவில்லை.

ஒரு மணிக்கு அவன் வந்தான். சைக்கிளை நிறுத்தும்போதே என்னைப் பார்த்துவிட்டான். திரும்பிப் போய்விடுவான் என்று நினைத்தேன். கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தான். திட்டுவான் என்று தயாராக இருந்தேன்; திட்டினால் எனக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும். அவன் சுவரைக் காட்டினான்.

"அந்த ரெண்டு வெரலு நீங்க வெச்சதா சார்?"

ஆமாம் என்றேன்.

"அத்த மட்டும் எட்த்துடுங்க சார். வெரலு வந்துட்ச்சா, வெரலு வந்துட்ச்சான்னு பாப்பா கேட்டுக்கினே கீது. நைட்டு ஊட்டுக்குப் போனா என் கைய புட்ச்சி இஸ்து இஸ்துப் பாக்குது."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கம்தான், வேறொன்றும் இல்லை. டீச்சரிடம் ஒரு பழைய பட்டித் தகடு இருந்தது. நான் உட்கார்ந்து அந்த இரண்டு விரலையும் சுரண்டினேன். காய்ந்த பெயின்ட் லேசில் வரவில்லை. மஞ்சளும் சேர்ந்து பெயர்ந்து, அடியில் சிமெண்ட் தெரிந்தது. அவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மகள் வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டு நின்றது. முடிந்ததும் குழந்தை சுவரிடம் போய்த் தன் கையை அந்தக் கறுப்புக் கையின் மேல் வைத்தது. இரண்டு விரலை மடக்கிக்கொண்டுதான் வைத்தது. பிறகு திரும்பி அப்பாவைப் பார்த்துச் சரியாகிவிட்டது என்பதுபோலத் தலையாட்டியது.

கிளம்பும்போது, செவ்வாய்க்கிழமை வருவீர்களா என்று மட்டும் அவன் கேட்டான். வருவேன் என்றேன். வந்து என்ன சொல்வேன் என்று அவன் கேட்கவில்லை. அப்போது எனக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை தொழிற்சாலைக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். நீல க்ரேட்டுக்கு அடியில் அந்தக் கட்டை இருந்தது. செய்தித்தாளில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனேன். விசாரணை அறை சின்னது. மேஜைக்கு அந்தப் பக்கம் ஆய்வாளர், இந்தப் பக்கம் நானும் எங்கள் மேனேஜரும், எதிர் ஓரத்தில் அவன். வலது கையை மடியில் வைத்து மேலே துண்டைப் போட்டிருந்தான். என் அறிக்கையை ஆய்வாளர் வரி வரியாகப் படித்தார். தொழிலாளி தன் இஷ்டத்துக்கு என்ற இடத்தில் நிறுத்தி, இது உண்மையா என்று கேட்டார்.

செய்தித்தாளைப் பிரித்துக் கட்டையை மேஜைமேல் வைத்தேன். இது கம்பெனி கொடுத்தது, பதினொரு பிரஸ்ஸுக்கும் இருக்கிறது, ஆடிட் நாளில் சேகரித்துப் பூட்டி வைத்துத் திரும்பக் கொடுத்தவன் நான் என்று சொன்னேன். மேனேஜர் என் முழங்கையைத் தொட்டார். நான் நிறுத்தவில்லை. ஆய்வாளர் கட்டையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். மேலே மார்க்கரில் எழுதியிருந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஷாப்பில் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாமே, தொழிலாளியே எழுதியிருக்கலாமே என்று மேனேஜர் சொன்னார்.

கட்டைகள் ஒன்றுக்கொன்று மாறிவிடக்கூடாது என்று ஒரு ஆடிட் நாளில் என் மேஜையில் வரிசையாக அடுக்கி, ஒன்றிலிருந்து பதினொன்று வரை நானே எழுதினேன். அன்றைக்கு எனக்கு இருந்த திருப்திகூட ஞாபகம் இருக்கிறது. அதைத்தான் சொன்னேன். ஆய்வாளர் என்னை நம்பினாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளி, ஏழு என்று எழுதச் சொன்னார்.

எதிரே அவன் மடியிலிருந்த துண்டை எடுத்துவிட்டு, அந்தக் கையை மேஜைமேல் ஊன்றி, பார்ப்பதற்காகச் சற்று முன்னால் சாய்ந்தான். நான் ஏழு எழுதினேன். நடுவில் கோட்டையும் போட்டேன்.